இரண்டு பொன்னாடைகளும் ஒரு மேளக்காரரும்

பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பது ஒரு கெட்ட பழக்கம். சிகரெட்டை வைத்தியர் ஒரு தடவை முறைத்ததுமே விட்டுவிட்டேன். இதை விடுவதற்கு எனக்கு அறுபத்தொன்பது வயதாக வேண்டியிருந்தது. அதுவும் நானாக விடவில்லை. வீட்டில் மூன்று பேர் கூடி வாக்கெடுத்து விடவைத்தார்கள். (எதிராக இரண்டு வாக்குகள். மூன்றாவது ஆள் நான். என்னை வாக்களிக்க விடவில்லை.)

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அலைந்து திரிந்து, ஜேர்மனியின் பான் நகருக்குப் பக்கத்தில் இந்தச் சிறிய நகரத்தில் திருகாணிக் களஞ்சியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்ணுவதற்கே சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டுகளை எண்ணுவேன். கணக்குச் சரியாக வந்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். ஒன்றாக இருக்க வேண்டியது இரண்டாக இருந்தால் தூக்கம் வராது.

எங்கள் ஊர்த் தமிழ் மன்றம் அப்படித்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. குழுப்படத்தில் யார் நடுவில் இருப்பது என்ற சண்டையில் மன்றம் இரண்டானது. இரண்டுக்கும் ஒரே பெயர். ஒரே நாளில் இரண்டு மண்டபங்களில் வாணி விழா. நான் இரண்டு தலைவர்களையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே விழாவுக்கு அழைத்தேன். மேடையில் ஏற்றி, ஆளுக்கொரு பொன்னாடையைக் கையில் கொடுத்து, மற்றவருக்குப் போர்த்தச் சொன்னேன். சபை நடுவே பொன்னாடையை வேண்டாம் என்று சொல்லும் தமிழன் இன்னும் பிறக்கவில்லை. இருவரும் போர்த்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். அன்றிலிருந்து இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு நடமாடினேன். (பிறகு மன்றம் மூன்றானது உண்மைதான். ஆனால் அது ஐந்து மாதம் கழித்து. அதற்கும் பொன்னாடைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

இந்தத் திமிரோடு இருந்த காலத்தில்தான் எனக்கு டீட்டர் சம்பந்தியாகக் கிடைத்தார்.

என் மகள் சுபா, தன்னோடு வேலை செய்யும் ஃப்ளோரியானைக் கல்யாணம் செய்யப் போகிறேன் என்றாள். டீட்டர் அவனுடைய தகப்பன். வீடுகளுக்குக் கூரை ஓடு போடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 'சம்பந்தி' என்ற சொல்லை முதல் நாளே பிடித்துக்கொண்டார். என் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியுமா என்பது சந்தேகம்.

முதல் தடவை அவருடைய வீட்டுக்குப் போனபோது, கேக் வெட்டுவதற்கு முன்பே என்னை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு டிரம்ஸ். சுவரில் ஆளுயரப் படம்: வெள்ளிக் காற்சட்டை, கழுத்தில் இறகு மாலை, கன்னத்தில் நட்சத்திரங்கள். இடது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது.

"இவருடைய முழங்காலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"சஞ்சிகையில் வாரம் ஒரு துண்டாக வந்த படம் இது, சம்பந்தி. வெட்டி ஒட்ட வேண்டும். முழங்கால் வந்த வாரம் எனக்குக் காய்ச்சல். அம்மா கடைக்குப் போக மறந்துவிட்டார்." ஐம்பது வருடம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இவர்தான் றெஜி. சற்றின் றொக்கெற் குழுவின் பாடகர்."

அன்று பின்னேரம் முழுக்கச் சற்றின் றொக்கெற்றின் சரித்திரம் கேட்டேன். இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர் ஒன்றில் நான்கு பையன்கள். முதலில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு கல்யாண வீடுகளில் பாடினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் யாரோ புத்தி சொல்ல, வெள்ளித் துணியில் காற்சட்டை தைத்து, அரையடிக் குதி வைத்த சப்பாத்துப் போட்டு, கன்னத்தில் மினுக்கம் பூசிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்து நின்றார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. (எங்கள் கோயிலில் தேர்த் திருவிழா அன்று சுவாமிக்குச் செய்யும் சாத்துப்படியில் அது கால்வாசி. ஆனால் ஆங்கிலேயர்கள் அதுவரை அதைப் பார்த்ததில்லை.) ஜேர்மனியில் அவர்கள் மேல் இன்னும் பெரிய பித்து. பிறகு கிழிந்த உடுப்பில் ஊசி குத்திக்கொண்டு 'பங்க்' என்று இன்னொரு பாட்டுக் கூட்டம் வர, வெள்ளி கறுத்துப் போனது. கடைசியில் பாடகர் றெஜியும் கிற்றார் வாசிக்கும் டெரெக்கும் கோபித்துக்கொண்டு பிரிந்தார்கள். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது றெஜியிடம் ஒரு சற்றின் றொக்கெற், டெரெக்கிடம் ஒரு சற்றின் றொக்கெற். அதே பாட்டுகளோடு இரண்டும் ஜேர்மனியின் கோடை விழாக்களில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தன.

"ஒரே பெயரில் இரண்டா?" என்று கேட்டேன். அன்றிரவு தூக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"முப்பது வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. டெரெக் இங்கேதான் இருக்கிறார். ரயிலில் அரை மணித்தூரம். ஜேர்மன் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தக்காளி வளர்க்கிறார். நான் றெஜியின் ஆள். அந்தப் பக்கம் போவதில்லை."

பிறகு டீட்டர் குரலைத் தாழ்த்தினார். அந்த வருடம் எங்கள் ஊர்க் கோடை விழாவுக்கு றெஜி வரப்போகிறார். விழாக் குழுவில் இருந்த டீட்டர்தான் மன்றாடிச் சம்மதிக்க வைத்தவர். அதைவிடப் பெரிய செய்தி, முதல் பாட்டுக்கு மேளம் அடிக்கப் போவது டீட்டர். அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு றெஜி கொடுக்கும் பரிசு. பதினைந்து வயதிலிருந்து அந்த ஒரு பாட்டை நிலவறையில் ஒலித்தட்டோடு சேர்ந்து அடித்துப் பழகியவர். ஒரு மனிதருக்கு முன்னாலும் அடித்ததில்லை.

"மூன்றரை நிமிடம், சம்பந்தி," என்றார். "மூன்றரை நிமிடம் கிடைத்தால் போதும்."

மூளை உள்ள எவனும் அந்த இடத்தில் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போயிருப்பான். நான் இரண்டு பொன்னாடைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவி பவானியிடம் மெதுவாகத் தொடங்கினேன். "இஞ்சேரும், அந்த இரண்டு பேரையும் ஒரே மேடையிலை ஏத்தினால் டீட்டருக்கு எவ்வளவு சந்தோசமாயிருக்கும்?"

"அந்த மனுசன் கேட்டவரோ?"

"கேக்கேல்லை. ஆனால்..."

"கேக்காததைச் செய்யாதேங்கோ. மன்றத்தை ஒண்டாக்கிறன் எண்டு போய் மூண்டாக்கினனீங்கள்."

"அது ஐஞ்சு மாசம் கழிச்சு."

"ஓம். ஐஞ்சு மாசம் தாக்குப்பிடிச்சது உங்களுக்குப் பெரிய சாதனைதான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை ரயில் ஏறினேன். டெரெக் தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஒரு சின்ன முக்காலியில் இருந்தார். உயரமான, எலும்பான மனிதர். முகத்தில் மினுக்கம் இல்லை, மண் இருந்தது. எங்கள் ஊர்த் தமிழர்கள் அவரைக் கௌரவிக்க விரும்புகிறார்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். (எங்கள் ஊர்த் தமிழர்களுக்கு அது தெரியாது.) றெஜியின் பெயரை எடுக்கவில்லை. பொன்னாடை என்றால் என்ன என்பதை விளக்கினேன்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பளபளக்குமா?"

"சரிகை போட்டது. சூரிய வெளிச்சத்தில் கண் கூசும்."

"அப்படியென்றால் வருகிறேன்," என்றார்.

விழா நாளும் வந்தது. சனிக்கிழமை பின்னேரம், பெரிய கூடாரம், நானூறு கதிரை. அதற்கு மேலும் ஆட்கள் நின்றார்கள். நரைத்த தலைகளில் பாதியில் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. எழுபது வயதுப் பெண் ஒருவர் கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு கையில் ஊன்றுகோலோடு முன்வரிசையில் இருந்தார். டெரெக்கை நான் முதலுதவிக் கூடாரத்தில் ஒளித்து வைத்திருந்தேன். அங்கிருந்த தாதி அவரை நோயாளி என்று நினைத்து இரண்டு தடவை இரத்த அழுத்தம் பார்த்துவிட்டார்.

தொடக்கத்தில் ஒரு சிறிய தமிழ் மரியாதை செய்ய இரண்டு நிமிடம் வேண்டும் என்று டீட்டரிடம் கேட்டிருந்தேன். மனிதர் நெகிழ்ந்து போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது மேடையில் பாடகர் றெஜி வெள்ளி உடுப்பில் நின்றார். இடது காலைச் சற்று நொண்டினார். (டீட்டரின் சுவரில் இல்லாத அதே முழங்கால்.) பின்னால் டிரம்ஸுக்கு நடுவே டீட்டர். புதுச் சட்டை. கையில் இரண்டு குச்சிகள். முகம் பள்ளிக்கூடம் போகும் முதல் நாள் பிள்ளையின் முகம்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். தமிழன் ஒலிவாங்கியைப் பிடித்தால் எவருக்கும் இரண்டு நிமிடம் காணாது. நகர பிதாவுக்கு வணக்கம், விழாக் குழுவுக்கு வணக்கம், தீயணைப்புப் படைக்கு வணக்கம், தொத்திறைச்சி சுடும் அன்பர்களுக்கு வணக்கம் என்று டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அடுக்கினேன். பிறகு சாம்பல் நிறக் கோட்டிலிருந்து வெள்ளிக் காற்சட்டை வரை சற்றின் றொக்கெற்றின் சரித்திரத்தை அவர்களுக்கே சொன்னேன். நான் மூச்சு எடுக்கும்போதெல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து டீட்டர் குச்சியைத் தூக்கினார். நான் தொடர, குச்சியை இறக்கினார். பதினொரு தடவை.

கடைசியில் டெரெக்கை அழைத்தேன்.

அவர் மேடைப் படியில் ஏறி வர, கூடாரம் அலறியது. றெஜி டெரெக்கைப் பார்த்தார். டெரெக் றெஜியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. விடுவேனா? ஆளுக்கொரு பொன்னாடையைக் கையில் திணித்து, ஒருவருக்கொருவர் போர்த்தும்படி சைகை காட்டினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: பொன்னாடையை மறுக்கக் கூடாது என்பது இந்த இரண்டு பேருக்கும் தெரியாதே!

இருவருக்கும் முன்னால் ஒலிவாங்கி இருந்தது. எல்லோருக்கும் எல்லாம் கேட்டது.

"என் குரல் ஆடு கத்துவது போல இருக்கிறது என்று சொன்னவன் நீ," என்றார் றெஜி.

"நான் சொன்னேனா? எனக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது என்று சொன்னவன் நீயல்லவா?" என்றார் டெரெக்.

"நான் அப்படிச் சொல்லவேயில்லை. உனக்கு யார் சொன்னது?"

"உனக்கு யார் சொன்னது?"

அந்தக் காலத்தில் அவர்களுக்கு மேளம் அடித்தவன்தான் இங்கே கேட்டதை அங்கேயும், அங்கே கேட்காததை இங்கேயும் சொல்லியிருக்கிறான். அது இரண்டு முகங்களிலும் ஒரே நேரத்தில் விடிந்தது. இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பி மேளத்தைப் பார்த்தன.

அங்கே டீட்டர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் பாட்டு அளவுக்குத்தான் தெரியும். தொடங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, பெரிய மேளத்தில் ஒரு அடி போட்டார். கும்.

"முப்பது வருஷம்," என்றார் றெஜி, "ஒரு மேளக்காரனின் வாயால்."

"இனிமேல் நம் பாட்டுக்கு மேளம் வேண்டாம்," என்றார் டெரெக்.

"ஒருபோதும் வேண்டாம்."

பொன்னாடையைப் போர்த்தினார்கள். கட்டிப்பிடித்தார்கள். கூடாரம் எழுந்து நின்றது. என் கண்டுபிடிப்பு மறுபடியும் வேலை செய்துவிட்டது! நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது றெஜி என் தோளில் தட்டினார். "அவரைத் தயவுசெய்து இறங்கச் சொல்லுங்கள். அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. அந்த இடத்தைப் பார்க்கவே முடியவில்லை."

டீட்டர் குச்சிகளைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார், சம்பந்தி?"

மொழிபெயர்க்க அந்த மேடையில் வேறு ஆள் இல்லை. ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. "உங்களை இறங்கச் சொல்கிறார்," என்றேன். ஊர் முழுக்கக் கேட்டது.

டீட்டர் இறங்கினார். புதுச் சட்டையை ஒரு தடவை நீவிவிட்டார். குச்சிகளைச் சட்டைப்பையில் செருக முயன்றார். அந்தச் சட்டைக்குப் பை இருக்கவில்லை.

இரண்டு கிழவர்களும் சரிகைப் பொன்னாடையோடு கதிரை போட்டு இருந்து, ஒரு கிற்றாரை மட்டும் வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளை மெதுவாகப் பாடினார்கள். சனம் விம்மியது. ஊன்றுகோல் பெண்மணியின் நட்சத்திரம் கண்ணீரில் கழன்று தாடையில் தொங்கியது. முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைக் குலுக்கினார்கள். தொத்திறைச்சி அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக நின்ற டீட்டரிடம் போனேன்.

"பரவாயில்லை, சம்பந்தி," என்றார். "நல்லாகப் பாடுகிறார்கள்." அதற்குப் பிறகு இரண்டு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு இருந்ததோ மூன்றே கிழமைதான்.

வீட்டில் நடந்த கூட்டத்தைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அதில் பவானி ஒரு மணி நேரம் பேசினாள். "அந்த மனுசன் ஐம்பது வருசமாய் நிலவறைக்குள்ளை அடிச்சுப் பழகினதை நீங்கள் ஐஞ்சு நிமிசத்திலை பறிச்சுப்போட்டியள்."

"மன்னிப்புக் கேட்டு ஒரு பொன்னாடை..."

"அப்பா!" என்று கத்தினாள் சுபா. "வீட்டிலை இருக்கிற எல்லாப் பொன்னாடையையும் எடுத்து இப்பவே அம்மாட்டைக் குடுங்கோ!" (ஏழு இருந்தன. கொடுத்தேன்.)

அன்று பின்னேரம் யோசித்துக்கொண்டு நடந்தபோது ஒன்று தோன்றியது. இந்தப் பூமியில் மேளம் இல்லாமல் நடக்கவே முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அது என் வீட்டிலேயே நடக்கப் போகிறது. தாலி கட்டும்போது கெட்டிமேளம் அடிக்காவிட்டால் எங்கள் ஆட்கள் அதைக் கல்யாணமாகவே எடுக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு ஒழுங்கு செய்திருந்த தவில்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"கெட்டிமேளத்துக்கு டிரம்ஸோ? மாஸ்டர், உங்களுக்கு என்ன விசரே? ஐயர் எழும்பிப் போயிடுவார்."

"ஐயரோடை நான் கதைச்சுச் சரிப்பண்ணுறன்."

"ஐயோ வேண்டாம். நீங்கள் கதைச்சால் மாப்பிள்ளையும் சேர்ந்து எழும்பிப் போயிடுவார்."

என் புகழ் அவர் வரைக்கும் போயிருந்தது. கடைசியில் பவானிதான் அவரோடும் ஐயரோடும் கதைத்தாள். இரண்டும் பத்து நிமிடத்தில் முடிந்தன. பிறகு சுபாவை அழைத்துக்கொண்டு டீட்டரிடம் போனாள். நான் காருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் சிறிது நேரத்தில் டீட்டரே வெளியே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். நிலவறையில் ஓர் ஒத்திகை வேண்டுமாம்.

"எத்தனை அடி?" என்று கேட்டார்.

"அதற்குக் கணக்கில்லை. ஐயர் விரலைக் காட்டியதும் தொடங்கி, தாலி கட்டி முடிந்ததும் நிறுத்த வேண்டும்."

"இதில் ஒரு திட்டமுமே இல்லை, சம்பந்தி. நான் இருக்கும் இடத்திலிருந்து தாலி தெரியாது. நிறுத்த யாராவது எனக்குக் கை காட்ட வேண்டும்."

"நான் காட்டுகிறேன்," என்றேன். எண்ணுகிற விஷயத்தில் என்னை நம்பலாம் என்று அவருக்குத் தெரியும்.

கல்யாண நாள். மணவறைக்கு ஒரு பக்கம் நாதஸ்வரமும் தவிலும். மறுபக்கம் வேட்டி கட்டிய டீட்டர், நெற்றியில் சந்தனப் பொட்டு, முன்னால் டிரம்ஸ். ஐயர் மந்திரத்தை முடித்து விரலைத் தூக்கினார். நான் டீட்டருக்குக் கை காட்டினேன்.

இடி விழுந்தது போல் தொடங்கியது. ஃப்ளோரியான் தாலியைக் கட்டினான். சுபா தலையைக் குனிந்திருந்தாள். அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் மறைத்தது. சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன். எத்தனை முடிச்சு என்று எண்ணவில்லை. டீட்டரை மறந்துவிட்டேன்.

கை காட்டாத வரை டீட்டர் நிறுத்துவாரா? அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதை முதலிலிருந்து அடித்தார். எங்கள் சனத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு சட்டம்: கெட்டிமேளம் நிற்கும் வரை மணமக்கள் மேல் அட்சதையாக அறுகரிசி போட வேண்டும். போட்டார்கள். கையில் இருந்தது முடிய, தட்டில் இருந்ததைப் போட்டார்கள். தட்டு முடிய, குனிந்து நிலத்தில் கிடந்ததைக் கூட்டி அள்ளிப் போட்டார்கள். ஃப்ளோரியானின் தலை வெள்ளையாகிவிட்டது. தவில்காரருக்கு ரோஷம் வந்து, அவரும் விடாமல் போட்டிக்கு அடித்தார். ஐயர் தூக்கிய விரலை இறக்குவதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். டொச்சு விருந்தினர்கள் இதுதான் தமிழ் முறை என்று நினைத்து எழுந்து நின்று காலால் தாளம் போட்டார்கள். பவானி என் விலாவில் இடித்தாள். நான் நிமிர்ந்து கை காட்ட, டீட்டர் அதைக் கவனிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடியையும் அடித்து முடித்தார்.

மண்டபமே கைதட்டியது. டீட்டர் எழுந்து, வேட்டி அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் இரண்டு குச்சிகளையும் தூக்கிக் காட்டினார். பிறகு நேரே என்னிடம் வந்தார். "மூன்றரை நிமிடம், சம்பந்தி," என்றார். நானும் அழுதேன், அவரும் அழுதார். நாங்கள் எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே படம் எடுப்பவர் எங்களை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் பகுதியில் தமிழ்க் கல்யாணம் என்றால் தவில்காரரே டீட்டரையும் கேட்டு எடுக்கிறார். அழைப்பிதழில் அவருடைய பெயர் அச்சில் வருகிறது. போகும் இடமெல்லாம் பந்தியில் யாராவது சுபாவையும் ஃப்ளோரியானையும் பார்த்து, "ஆறு வருசமாச்சு, ஒரு சண்டை சச்சரவு இல்லை, எப்பிடி?" என்று கேட்பார்கள். சுபா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், இலையில் சோற்றைக் குழைத்தபடி சொல்லுவாள்:

"எங்களை அப்பா சேர்த்து வைக்கேல்லை. அதுதான்."